சவாரித் தம்பரும் ஒலுவில் கரையும்: பத்திரிகைச் சித்திரத் தொடர்களின் மீள்கண்டுபிடிப்புப் பற்றிச் சில சிந்தனைகள்

1

பழைய பத்திரிகைச் சித்திரத் தொடர்களும் அவற்றில் உலாவிய நகைச்சுவைப் பாத்திரங்களும் அண்மைக் காலத்தில் மீண்டும் பேசப்படும் பொருள்களாகியுள்ளன. சிவகாசியிலிருந்து 1972இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984இல் தோன்றிய லயன் காமிக்ஸ் ஆகியவற்றின் பழைய கதைகள் இன்று உயர்ந்த தாளில் மறுபதிப்புச் செய்யப்பெறுகின்றன. அவற்றைச் சிறு வயதிற் படித்தவர்களே நடுத்தர வயதில் அவற்றை மீண்டும் விலைகொடுத்து வாங்குகின்றனர். சிங்களத்திலே கமிலஸ் பெரேரா 1970களில் வளர்த்தெடுத்த கஜமன் என்னும் பாத்திரம் 2023இல் முப்பரிமாண அசைவூட்டத் திரைப்படமாயிற்று. ஈழத்துத் தமிழைப் பொறுத்தவரை, 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் மின்னூலகத்தின் வழியாகச் 'சிரித்திரன்' இதழ்கள் பல இன்று எவரும் படிக்கக்கூடிய நிலையில் உள்ளன.

இத்தகைய மீட்பு முயற்சிகளின் பெறுமதியைக் குறைத்து மதிப்பிடுதல் கூடாது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகமும் 'ஈழநாடு' அச்சகமும் எரிக்கப்பட்டன. 2004 டிசம்பர் 26ஆந் திகதிய ஆழிப்பேரலை கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது முதலிய கரையோர ஊர்களிலே மனிதரோடு வீடுகளையும், வீடுகளோடு அவற்றிலிருந்த காகிதங்களையும் கொண்டுசென்றது. நூல்களைப் பேணிக் காப்பவர்கூட நாளிதழைப் பேணுவதில்லை. கடையிற் சாமான் சுற்றும் தாளாகவே அது முடிகின்றது. ஆகவே எஞ்சியிருக்கும் ஒவ்வொரு பக்கமும் ஓர் ஆவணமாகும்.

ஆயினும் மீட்டெடுத்தல் வேறு, மீளக் கண்டறிதல் வேறு. சேகரிப்பாளர் பழைய பாத்திரத்தைப் பத்திரிகைப் பக்கத்திலிருந்து வெட்டியெடுத்துத் தனிப்படமாக்கி மகிழ்கிறார். வரலாற்று மாணவனோ அப்பாத்திரத்தை அது வெளிவந்த பக்கத்திலே மீண்டும் வைத்து நோக்க வேண்டியவனாகிறான். அதற்கு மேலே என்ன செய்தி இருந்தது, பக்கத்தில் எவருடைய விளம்பரம் இருந்தது, அதன் பேச்சு எவருடைய பேச்சு, அப்பக்கத்திலே இடம்பெறாமற் போனவர் எவர் என்னும் வினாக்கள் எழும்போதே ஆராய்ச்சி தொடங்குகிறது. இவ்வினாக்களுட் கடைசியானதே இக்கட்டுரையின் உயிர்நிலை. கிழக்கிலங்கையின் தென்கோடிக் கரையில், ஒலுவிலிலே நின்று நோக்கும்போது அது கூடுதலான அழுத்தம் பெறுகின்றது.

2

சித்திரத் தொடர் என்னும் வடிவத்தின் தோற்றத்தைப் பத்திரிகைத் தொழிலின் பொருளியலிலிருந்து பிரித்துக் காணவியலாது. ஐக்கிய அமெரிக்காவில் 1895இல் றிச்சர்ட் அவுற்கோல்ற் என்னும் ஓவியரின் சேரிச் சிறுவன் பாத்திரம் புலிற்சரின் நியூயோர்க் வேள்ட் பத்திரிகையிலே புகழ்பெற்றது. அடுத்த ஆண்டே போட்டிப் பத்திரிகை முதலாளியான ஹேர்ஸ்ற் அவ்வோவியரைத் தம்பால் இழுத்துக்கொண்டார். வாசகரைப் பிடித்து வைப்பதற்கான போட்டியிலே ஒரு கேலிப் பாத்திரம் மூலதனமாக மாறிய முதல் நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்றாகும். பின்னர் ஹேர்ஸ்ற் நிறுவனம் 1915இல் கிங் ஃபீச்சர்ஸ் என்னும் விநியோக அமைப்பை ஏற்படுத்தியது. ஒரு முறை வரையப்பட்ட தொடரை நூற்றுக்கணக்கான பத்திரிகைகளுக்கு விற்கும் முறை இதனால் வலுப்பெற்றது. மான்ட்ரேக் (1934), ஃபான்டம் என்னும் வேதாளன் (1936) ஆகிய பாத்திரங்கள் உலகெங்கும் பரவியது இவ்வழியிலேயே.

இம்முறையின் விளைவு யாது? உள்ளூர் ஓவியர் ஒருவருக்குக் கூலி கொடுத்து வரைவிப்பதைவிட, வெளியிலிருந்து ஆயத்தமாக வரும் தொடரை வாங்கிப் பேச்சுக் குமிழிகளை மட்டும் மொழிபெயர்த்துக் கொள்வது பத்திரிகை முதலாளிக்கு மலிவானது. மலிவு என்பது இங்கே அழகியல் விளைவொன்றையும் ஏற்படுத்துகிறது. எந்நாட்டுப் பத்திரிகைக்கும் பொருந்த வேண்டிய பாத்திரம் எந்நாட்டு மண்ணிலும் கால் ஊன்றக் கூடாது. வேதாளனின் காடு ஆசியாவிலா ஆபிரிக்காவிலா உள்ளது என்பதே காலத்துக்குக் காலம் மாறியது. 1964இல் டைம்ஸ் ஒஃப் இந்தியா நிறுவனம் இந்திரஜால் காமிக்ஸ் வரிசையைத் தொடங்கியபோது, இந்திய வாசகர் மனம் புண்படாதிருக்க அக்காட்டின் பெயர் டெங்காலி என மாற்றப்பட்டது. பெயர் மாறினும் உறவு மாறவில்லை. காட்டு மக்கள் குழந்தைகளாகவும், வெள்ளை வீரன் பரம்பரைக் காவலனாகவும் இருக்கும் உறவு அப்படியே இருந்தது.

சிலி நாட்டிலே மக்கள் ஐக்கிய அரசாங்கம் நிலவிய 1971ஆம் ஆண்டில் ஏரியல் டோர்ஃப்மன், ஆர்மன்ட் மத்தலார் ஆகிய இருவரும் டொனால்ட் வாத்துக் கதைகளை ஆராய்ந்து எழுதிய நூல் இவ்வகைப் படைப்புகளின் கருத்தியலை வெளிப்படுத்திய முன்னோடி ஆய்வாகும். அக்கதைகளில் பொருள்கள் நுகரப்படுகின்றன, ஆனால் எவரும் அவற்றை உற்பத்தி செய்வதில்லை என்பது அவர்களது அவதானிப்புகளுள் தலையாயது. 1973இன் இராணுவச் சதிக்குப் பின் அந்நூல் எரியூட்டப்பட்டது. சிறுவர்க்கான படக்கதை பற்றிய ஒரு விமரிசனம் துப்பாக்கி ஏந்தியோருக்கு அச்சம் தந்தது என்றால், படக்கதை வெறும் பொழுதுபோக்கு என்னும் வாதத்துக்கு வேறு மறுப்பு வேண்டியதில்லை.

எனினும் டோர்ஃப்மன்–மத்தலார் முறையை நமது சூழலில் இயந்திரரீதியாகப் பிரயோகித்தல் போதாது. இறக்குமதியான பாத்திரத்தைக் கண்டிப்பது எளிது. நம்மவர் நமக்காக உருவாக்கிய பாத்திரங்களை வர்க்க நோக்கிலே மதிப்பிடுவதே கடினமான பணி. அத்தகைய இரு பாத்திரங்களை இனி நோக்குவோம்.

3

முதலாவது, தமிழகத்துத் 'தினத்தந்தி' நாளிதழில் 1960இல் தொடங்கி இன்றுவரை நாள்தோறும் வெளிவரும் 'கன்னித்தீவு'. சி. பா. ஆதித்தனார் 1942இல் மதுரையிலே தொடங்கிய அப்பத்திரிகை, புதிதாக எழுத்தறிவு பெற்ற தொழிலாளரையும் சிறு வியாபாரிகளையும் வாசகராக்கியது. தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும் பத்திரிகை அது. எழுத்துக் கூட்டி வாசிப்போருக்குப் படமே கைகொடுக்கும் என்பதை அதன் நிறுவனர் உணர்ந்திருந்தார். இவ்வகையில் கன்னித்தீவு தமிழில் வாசிப்புப் பரவலுக்கு ஆற்றிய பணி மறுக்கவியலாதது.

அதன் நாயகன் சிந்துபாத். அரபுக் கதைத் தொகுதியிலே பஸ்ரா துறையிலிருந்து கப்பலேறும் அவன் ஒரு வணிகன். சரக்கு ஏற்றுவதும், விற்பதும், நட்டப்படுவதும், மீண்டும் முதலீடு செய்வதும் அவனது பயணங்களின் உந்துவிசை. ஆறாவது பயணத்தில் அவன் வந்து சேரும் நாடு செரண்டிப், அதாவது நமது இலங்கை. இந்து சமுத்திர வணிக உலகின் கூட்டு நினைவு அக்கதைகளிலே உறைந்து கிடக்கின்றது. கிழக்குக் கரை முஸ்லிம் மக்கள் கேட்டு வளர்ந்த கதைமரபுக்கும் அவன் அந்நியனல்லன்.

நாளிதழ்த் தொடரிலே இவ்வணிகனுக்கு நேர்ந்தது என்ன? சரக்கு மறைந்தது. துறைமுகம் மறைந்தது. மாலுமிகளின் உழைப்பு மறைந்தது. எஞ்சியவை மந்திரவாதியும், உருச்சுருங்கிய லைலாவும், ஒன்றன்பின் ஒன்றாக வரும் அரக்கர்களும் தீவுகளுமே. பயணம் முடிவதற்கான கதைத் தேவை எப்போதோ தீர்ந்துவிட்டபோதிலும், பத்திரிகை நாளையும் விற்கப்பட வேண்டும் என்னும் தேவை தீரவில்லை. ஆகவே கதை முடியக் கூடாது. முடியாத எதனையும் தமிழகத்து மக்கள் 'கன்னித்தீவு போல' என்று சொல்லும் வழக்கு ஏற்பட்டிருப்பது கூர்ந்து நோக்கத்தக்கது. தொடரின் வடிவத்தை ஆள்வது விற்பனையே என்பதை விமரிசகர்களுக்கு முன்பே வாசகர்கள் கண்டுகொண்டனர் என்பதற்கு அது சான்று. அவர்கள் தொடரை விரும்பிப் படித்தனர், அதே வேளை அதனை நகையாடவும் செய்தனர். வெகுசன வாசகனை முற்றாக ஏமாற்றப்பட்டவனாகக் கருதும் விமரிசனம் இந்நகையாடலைக் கவனிக்கத் தவறுகிறது.

4

இரண்டாவது, நம் நாட்டுப் பாத்திரம்: சவாரித் தம்பர். இப்பாத்திரத்தைப் படைத்தவர், பின்னாளில் சிரித்திரன் சுந்தர் என அறியப்பட்ட கரவெட்டி சி. சிவஞானசுந்தரம் (1924–1996). கட்டடக்கலை பயிலப் பம்பாய் சென்ற அவர் அந்நகரத்துப் பத்திரிகை உலகின் கேலிச்சித்திர மரபோடு பரிச்சயம் பெற்று இலங்கை திரும்பினார். பாரதியார் 'இந்தியா' இதழிலே (1906) தொடக்கி வைத்த கேலிச்சித்திர மரபு அரசியல் தலைவர்களையே பெரிதும் பொருளாகக் கொண்டது. சுந்தரின் தூரிகையோ சாதாரண மனிதரை நோக்கித் திரும்பியது.

சவாரித் தம்பர் 'தினகரன்' பத்திரிகையிலே புகழ்பெற்ற காலம் எத்தகையது என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. 1932இல் தொடங்கப்பட்ட அப்பத்திரிகையின் ஆசிரியராக 1959 முதல் 1961 வரை க. கைலாசபதி பணியாற்றினார். 1956இன் அரசியல் மாற்றத்தை அடுத்து, தேசிய இலக்கியம், மண்வாசனை முதலிய கோட்பாடுகள் முன்வைக்கப்பட்ட காலம் அது. 1954இல் அமைக்கப்பட்ட இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தினர் உழைக்கும் மக்களின் பேச்சைச் சிறுகதையிலும் நாவலிலும் கையாண்டனர். 1960களின் முற்பகுதியில் மரபுவாதிகள் அதனை இழிசனர் வழக்கு என இகழ்ந்தனர். இவ்விவாதம் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ஆனால் அதே ஆண்டுகளில், அதே மொழிப் போராட்டம் கேலிச்சித்திரத்தின் பேச்சுக் குமிழியிலும் நடந்தது என்பதைப் போதியளவு கவனித்தோமில்லை. செந்தமிழிலே தலையங்கம் எழுதும் பத்திரிகைக்குள், யாழ்ப்பாணத்துக் கமக்காரன் தன் சொந்தப் பேச்சோடு நுழைந்தான். மேலோர் அவனது மொழியை இலக்கியத்துக்கு ஆகாதெனக் கண்டித்த வேளையில், வாசகர் அம்மொழிக்காகவே அப்பக்கத்தைத் தேடினர்.

இந்தியாவில் 1951 முதல் ஆர். கே. லக்ஷ்மன் வரைந்த சாமானிய மனிதனோடு தம்பரை ஒப்பிடுதல் பயன் தரும். லக்ஷ்மனின் மனிதன் எங்கும் நிற்பான், எல்லாவற்றையும் பார்ப்பான், பேச மாட்டான். பல மொழிகள் வழங்கும் நாட்டில் ஆங்கிலப் பத்திரிகை வாசகரான நடுத்தர வர்க்கத்துக்கு மௌனமே பொதுமொழியாக அமைந்தது. தம்பரோ பேச்சினாலேயே உயிர் வாழ்பவர். அவரிடமிருந்து பேச்சு வழக்கை நீக்கினால் எஞ்சுவது ஒரு சால்வைத் துண்டும் சில கோடுகளுமே.

எங்கெல்ஸ் 1888இல் மாகிரட் ஹார்க்னெஸ்ஸுக்கு எழுதிய கடிதத்தில், யதார்த்தவாதத்துக்கு விவர உண்மை மட்டும் போதாது, வகைமாதிரியான சூழலில் வகைமாதிரியான மாந்தர் காட்டப்பெறல் வேண்டும் என்னும் கருத்தை வலியுறுத்தினார். தம்பர் அத்தகையதொரு வகைமாதிரி. அவர் பெயரிலேயே அவரது வர்க்க நிலை அமைந்துள்ளது. மாட்டுவண்டிச் சவாரி என்பது உழுவதற்கான எருதன்று, ஓடுவதற்கான எருதை வளர்க்கும் வசதியுடைய கமக்காரனின் பொழுதுபோக்கு. உழைப்பிலிருந்து எஞ்சியது கௌரவமாகச் செலவிடப்படும் ஒரு சமூகத்தின் சின்னம் அது. மகனை அரசாங்க உத்தியோகத்துக்கு அனுப்பக் கனவு காணும் கிராமத்திலே எருதின் வாலை முறுக்கி நிற்கும் மனிதன் நகைப்புக்கும் அன்புக்கும் ஒருங்கே உரியவனாகிறான். சிதைந்துகொண்டிருந்த ஓர் உற்பத்தி முறையின் மனிதனை, அவன் மறைவதற்கு முன் சுந்தர் வரைந்து வைத்தார்.

பின்னர் சுந்தர் கொழும்பில் 1960களின் முற்பகுதியிலே தொடங்கிப் பிற்காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு எடுத்துச் சென்ற 'சிரித்திரன்' சஞ்சிகையில் 'மிஸ்டர் அன்ட் மிஸிஸ் டாமோடிரன்' முதலிய பாத்திரங்கள் இடம்பெற்றன. தாமோதரன் டாமோடிரன் ஆனமையே ஒரு வரலாறு. ஆங்கில உச்சரிப்பின் வழியாகச் சமூக உயர்வு தேடிய நடுத்தர வர்க்கத்தின் கதை அவ்வொரு பெயரில் அடங்கியுள்ளது. 1970களின் முற்பகுதியில் தமிழகத்துச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையும், 1977இன் திறந்த பொருளாதாரம் அக்கட்டுப்பாட்டை நீக்கியமையும் இத்தகைய உள்நாட்டுச் சஞ்சிகைகளின் வாழ்வையும் தாழ்வையும் பாதித்த காரணிகள் என்பதை இணைத்து நோக்குதல் வேண்டும்.

5

இவ்விடத்திலே பாராட்டோடு நின்றுவிடுதல் விமரிசனமாகாது. தம்பரின் கிராமத்திலே எல்லோரும் ஒன்றாகச் சிரிக்கின்றனர். யாழ்ப்பாணக் கிராமத்தில் எல்லோரும் ஒன்றாக ஒரே கிணற்றில் நீர் அள்ளினரா? 1966 ஒக்டோபரிலே சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட தீண்டாமை ஒழிப்பு ஊர்வலமும், 1968இன் மாவிட்டபுரக் கோயிற் பிரவேசப் போராட்டமும் அந்தக் கேள்விக்கு விடை தருகின்றன. டானியலும் டொமினிக் ஜீவாவும் கதைகளிலே எழுதிய மனிதர் தம்பரின் வண்டிக்குப் பின்னால் எங்கே நிற்கின்றனர் என்று தேடிப் பார்த்தல், பழைய இதழ்களைப் புரட்டும் இளம் ஆய்வாளரின் கடமை. நகைச்சுவை சமூகத்தை ஒன்றுபடுத்துகிறது என்பது பாதி உண்மை. எவரை விலக்கிவிட்டு அவ்வொற்றுமை எய்தப்படுகின்றது என்பது மறுபாதி.

இதனையொத்த மற்றொரு வினா பிரதேசம் சார்ந்தது. தமிழ் நாளிதழ்கள் கொழும்பிலே அச்சாகி நாடெங்கும் விற்கப்பட்டன. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் நிந்தவூரிலும் அவை நாள்தோறும் வாசிக்கப்பட்டன. ஆயினும் தம்பர் பெற்ற புகழுக்கு நிகராக மக்கள் மனத்தில் நிலைத்த கிழக்கிலங்கைப் பாத்திரம் ஒன்று, அதிலும் முஸ்லிம் பாத்திரம் ஒன்று, நம்மிடம் இல்லை. இப்பகுதி வாசகர் யாழ்ப்பாணப் பேச்சைச் சித்திரத் தொடரின் வழியாகக் கற்று இரசித்தனர். 'மறுகா' என்று சொல்லும் தமது பேச்சு அச்சில் வந்து பிறர் இரசித்ததை அவர்கள் கண்டது அரிது.

இப்பிரதேசத்தில் நகைச்சுவைக்குரிய வகைமாதிரிகள் இல்லாமையா இதற்குக் காரணம்? அவ்வாறு கூறவியலாது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும், 1961இல் அம்பாறை தனி மாவட்டமாக்கப்பட்டமையும் இங்குள்ள நில உறவுகளைத் தலைகீழாக்கின. நூற்றுக்கணக்கான ஏக்கர் வயலுக்கு உரிமை பாராட்டும் போடியார், நீர்ப்பங்கீட்டை நடத்தும் வட்டைவிதானையார், வயலிலேயே தங்கி உழைத்து அறுவடையிற் கடன்போக எஞ்சியதைப் பெறும் முல்லைக்காரர், கரைவலைக்கு முதல் போடும் சம்மாட்டியார், அவ்வலையை இழுத்துப் பங்கு பெறும் தொழிலாளர், மருதமுனைத் தறியிலே கூலிக்கு நெய்வோர் எனத் தெளிந்த வர்க்கத் தோற்றங்கள் இங்கே உண்டு. கேலியும் குத்தலும் நிறைந்த நாட்டார் கவிகளும் இம்மண்ணில் ஏராளம். வகைமாதிரிகளும் இருந்தன, நகைச்சுவை மொழியும் இருந்தது. ஓவியருக்குக் கூலி கொடுத்து வாரந்தோறும் இடம் ஒதுக்கக்கூடிய பத்திரிகை மூலதனமே இங்கு இருக்கவில்லை. ஒரு பிரதேசத்தின் மனிதர் கேலிச்சித்திரமாகாமற் போவதற்கும் பொருளியல் அடித்தளம் உண்டு என்பதே இதனாற் பெறப்படும் முடிபாகும்.

6

இது கடந்த கால இழப்பொன்று பற்றிய ஏக்கம் மட்டுமானால் இவ்வளவு விரித்துரைக்கத் தேவையில்லை. இவ்வின்மையின் விளைவு இன்றும் தொடர்கிறது என்பதற்கு ஒலுவில் துறைமுகம் கண்கண்ட சான்று.

டென்மார்க்கின் கடனுதவியுடன் 2008இல் கட்டுமானம் தொடங்கிய இத்துறைமுகம் 2013இல் திறந்து வைக்கப்பட்டது. வணிகக் கப்பல்கள் வந்து செல்லும் துறையாக அது வளரவில்லை. கரையோரமாக இயல்பாக நகரும் மணலைக் கடலுக்குள் நீட்டப்பட்ட கல்லணைகள் தடுத்தன. தடுக்கப்பட்ட மணல் துறைமுக வாயிலிலே திரண்டு படகுப் போக்குவரத்தை இடைக்கிடை முடக்கியது. மணல் வந்து சேராத வடபுறக் கரையையோ கடல் அரித்தது. ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னந்தோட்டங்களும், தோணி இழுத்து வைக்கும் இடங்களும், வாடிகளும் கடலுக்குள் சென்றன. துறைமுகத்துக்குக் காணி கொடுத்தோரின் நட்டஈட்டுப் பிரச்சினை நெடுங்காலம் நீடித்தது. கரைவலைத் தொழிலுக்குத் துறைமுகம் தேவையில்லை, கரையே தேவை. துறைமுகத்தின் பேரால் அவர்களிடமிருந்து பறிபோனது அக்கரையேயாகும். ஆழ்கடற் படகு வைத்திருப்போரின் நலனும் கரைவலை இழுப்போரின் நலனும் ஒன்றல்ல என்பதை இந்நிகழ்ச்சி துலக்கமாகக் காட்டியது.

மண் வேண்டாத வாயிலில் மண் மலையாகக் குவிகிறது. மண் வேண்டிய கரையில் மண் இல்லை. இதனினும் கூர்மையான கேலிச்சித்திரத்தை எந்த ஓவியர் கற்பனை செய்ய முடியும்? யதார்த்தமே தன்னை வரைந்து காட்டுகிறது. ஆனால் இது நம் பத்திரிகைகளில் எவ்வாறு வெளிப்பட்டது என்பதைக் கவனித்தல் வேண்டும். பிரதேசச் செய்தி என்னும் வடிவத்துக்கு ஒரு நிலையான இலக்கணம் உண்டு. 'மீனவர்கள் விசனம்' என்று அது தொடங்கும். பாதிக்கப்பட்டோர் 'கவலை தெரிவிக்கின்றனர்'. உரிய அதிகாரிகள் உடனடி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்னும் வேண்டுகோளோடு அது முடியும். இது உண்மையில் ஒரு மனுவின் வடிவம். இவ்வடிவத்திலே மக்கள் விசனப்படவும் வேண்டவும் மட்டுமே முடியும். அவர்கள் எடைபோடுவதில்லை, கேலி செய்வதில்லை, தீர்ப்புக் கூறுவதில்லை. அவர்களது வாயிலிருந்து வரும் சொற்கள்கூட நிருபரின் எழுத்து வழக்குக்கு மாற்றப்பட்டே அச்சேறுகின்றன.

கேலிச்சித்திரப் பாத்திரத்தின் அரசியற் பெறுமதி இங்கேதான் புலனாகிறது. தம்பர் எவருக்கும் மனுக் கொடுத்தவரல்லர். அவர் தமக்குத் தெரிந்த மொழியில், தம் அளவுகோலைக்கொண்டு, உலகத்தை மதிப்பிட்டார். கிராம்ஷி மக்களின் பொதுப்புத்தியிலே குழம்பிக் கிடக்கும் பழைமையோடு ஆரோக்கியமான நல்லறிவின் கருவும் உண்டு என்பார். நல்ல கேலிப் பாத்திரம் அக்கருவைப் பிரித்தெடுத்து மக்களிடமே திருப்பிக் கொடுக்கிறது. ஒலுவிற் கரையிலே தோணி வைக்க இடமிழந்த கரைவலைத் தொழிலாளி ஒருவன், வாரந்தோறும் ஒரு பத்திரிகையின் மூலையில், திறப்பு விழாக் கல்வெட்டுக்கு முன்னால் நின்று தன் பேச்சிலேயே ஒரு வசனம் சொல்லும் நிலை இருந்திருந்தால், இத்துறைமுகத்தின் கதை விசனக் கதையாக மட்டும் எஞ்சியிராது. ஒரு நிகழ்ச்சிக்கு அவ்வப்போது வரையப்படும் தனிக் கேலிச்சித்திரம் இதற்கு ஈடாகாது. அடுத்த வாரமும் வருவான் என்னும் உறுதியே பாத்திரத்தின் பலம். வாக்குறுதியை ஆண்டுக்கணக்காக நினைவில் வைத்திருக்கக் கூடியவன் அவன். வேண்டுகோட் செய்தி அடுத்த நாளே மறக்கப்படுகிறது.

கன்னித்தீவின் முடியாத தொடர்ச்சியை முன்னர் விமரிசித்தோம். அதே தொடர்ச்சி, உழைக்கும் மனிதனின் கையிலே, நினைவின் கருவியாக மாறும் என்பது வடிவங்களின் முரணியக்கத்துக்கு நல்லதோர் உதாரணம்.

7

மேற்கூறியவற்றிலிருந்து ஆய்வாளர் மேற்கொள்ள வேண்டிய பணிகள் சில பெறப்படுகின்றன.

முதலாவதாக, பழைய சித்திரத் தொடர்களை மின்வடிவாக்கும்போது பாத்திரப் படங்களை மட்டும் வெட்டியெடுக்காது, பக்கம் முழுவதையும் திகதியோடு பதிவு செய்தல் வேண்டும். 1959இன் தம்பரை 1959இன் நெல்விலையோடும் பேரூந்துக் கட்டணத்தோடும் சேர்த்து வாசிக்க முடியாவிடின் அது வெறும் அலங்காரப் பொருளாகும். கைலாசபதி 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) என்னும் நூலிலே நாவலின் எழுச்சியைச் சமூக மாற்றங்களோடு பொருத்தி ஆராய்ந்தார். அவர் ஆசிரியராக இருந்த பத்திரிகையின் கேலிச்சித்திரத்துக்கு அம்முறையியல் இன்னும் விரிக்கப்படாதிருத்தல் நமக்குப் பெருமை தருவதன்று.

இரண்டாவதாக, பேச்சுக் குமிழிகள் மொழியியலாளருக்கு அரிய சான்றுகள். ஒலிப்பதிவு அரிதாயிருந்த காலத்தின் யாழ்ப்பாணப் பேச்சு வழக்கை அவை தாங்கியுள்ளன. கிழக்கிலங்கை முஸ்லிம் பேச்சு வழக்குக்கு அத்தகைய அச்சுச் சான்று குறைவு. ஆகையால் நாட்டார் கவிகளையும், திண்ணைப் பேச்சையும், கடற்கரை வாடிகளிலே வழங்கும் பகிடிகளையும் இப்போதே தொகுத்தல் அவசியம்.

மூன்றாவதாக, வாசகர் வரலாறு. எப்பாத்திரத்தை யார், எங்கே, எவ்வாறு வாசித்தனர் என்பதை மூத்த வாசகரிடமிருந்து கேட்டறிதல் வேண்டும். கல்முனைச் சந்தையிலே பத்திரிகையை ஒருவர் உரக்க வாசிக்கக் கேட்டு வளர்ந்தோர் இன்று முதுமையடைந்துவிட்டனர். வெட்டியெடுத்த படத்தைச் சேகரிப்பாளர் காப்பாற்றுவார். சிரித்தவரின் நினைவைக் காப்பாற்ற ஆய்வாளரன்றி வேறெவரும் முன்வரப் போவதில்லை.

இறுதியாக, மீள்கண்டுபிடிப்பு என்பது பழையதைப் பார்த்துப் பெருமூச்சு விடும் ஏக்கமாகச் சுருங்குமானால், அது 1977க்குப் பின் விரிந்த நுகர்வுச் சந்தையின் இன்னொரு பண்டமாகவே முடியும். சுந்தர் தம் காலத்துக் கமக்காரனைக் கண்டு வரைந்தார். அவருக்கு நாம் செலுத்தக் கூடிய தகுந்த மரியாதை, தம்பரின் உருவத்தைச் சட்டம் போட்டு மாட்டுவதன்று. அவர் தூரிகை செல்லாத கரைகளிலே, அவர் கேளாத பேச்சு வழக்குகளிலே, நம் காலத்து மனிதனைத் தேடிக் காண்பதாகும். இப்பிரதேசத்துக்கென 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி அடுத்த ஆண்டிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகமாகிய உயர்கல்வி நிறுவனம் இதே ஒலுவிலில் அமைந்துள்ளது. அதன் நூலகத்திலே பழைய நாளிதழ்களைப் புரட்டும் மாணவனுக்கும், மணல் அடைத்த வாயிலுக்கு வெளியே தோணியோடு காத்திருக்கும் மீனவனுக்கும் இடையிலுள்ள தூரம் மிகச் சிறியது. அத்தூரத்தைக் கடத்தலே இவ்வாய்வின் சமூகப் பயனாகும்.